பதிவு அடைவு யாருடையது: 2016 என்ஜின்எக்ஸ் நிகழ்வின் ஆய்வு

2016 அக்டோபர் 25 அன்று, லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றான டெபியனின் பாதுகாப்புக் குழு, என்ஜின்எக்ஸ் என்ற இணைய வழங்கி மென்பொருளின் பொதிக்கு, அதாவது நிறுவுவதற்காகக் கட்டித் தரும் தொகுப்புக்கு, டிஎஸ்ஏ-3701-1 என்ற அறிவிப்பை வெளியிட்டது. டெபியன் வழிவந்த உபுண்டுவும் அதே நாள்களில் தன் பொதிகளைப் புதுப்பித்தது. பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2016-1247 என்று எண்ணிடப்பட்ட அந்தக் குறைபாட்டைக் கண்டறிந்தவர் பாதுகாப்பு ஆய்வாளர் தாவித் கோலுன்ஸ்கி. இணைய வழங்கியின் சாதாரணப் பயனர் கணக்கைக் கைப்பற்றிய ஒருவர், அங்கிருந்து இயந்திரத்தின் முழு அதிகாரமான ரூட் கணக்கை அடைய அந்தக் குறைபாடு வழி விட்டது. அதற்குக் கொண்டுவந்த திருத்தத்தின் சாரம், /வார்/லாக்/என்ஜின்எக்ஸ் என்ற ஓர் அடைவின் (கோப்புறையின்) உடைமையாளரை மாற்றியதே ஆகும்.

பல இணையச் செயலிகள் ஒரே வழங்கியில் இயங்கும் இடங்களில் பதிவுகளை, அதாவது நாம் அன்றாடம் லாக் என்று சொல்பவற்றை, நிர்வகிப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் வட்டில் இடம் போதுமா, எத்தனை நாள் வைத்திருப்பது, எப்போது சுருக்குவது என்ற கேள்விகளோடு நின்றுவிடுகிறது. அவை தேவையான கேள்விகளே. ஆனால் அவற்றுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை இந்த நிகழ்வு நம் முன் வைக்கிறது. பதிவுகள் இருக்கும் அடைவு யாருக்குச் சொந்தம் என்பதே அது. என் பொறுப்பில் இருந்த பகிர்வு வழங்கிகளில் பல ஆண்டுகள் இந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை. எனவே இந்த நிகழ்வை அதன் வேரிலிருந்து எழுதிப் பார்ப்பது பயன்படும் என்று கருதுகிறேன்.

2013: மறைக்க வேண்டிய தேவை

கதை மூன்று ஆண்டுகள் முன்பே தொடங்குகிறது. என்ஜின்எக்ஸின் இயல்பான அமைப்பில் அணுகல் பதிவும் பிழைப் பதிவும் இயந்திரத்தில் கணக்கு வைத்திருக்கும் எவரும் படிக்கக்கூடிய அனுமதியோடு உருவாகின்றன என்ற குறை 2013இல் சிவிஇ-2013-0337 என்று பதிவானது. டெபியனில் அது 701112ஆம் எண் வழுவறிக்கை.

இதைச் சிறு குறை என்று ஒதுக்க முடியாது. பகிர்வு வழங்கியில் என் தளத்தின் பதிவை என் பக்கத்துக் கணக்குக்காரர் படிக்கிறார் என்றால், என் பயனர்களின் ஐபி முகவரிகளும், அவர்கள் எந்தப் பக்கங்களைப் பார்த்தார்கள் என்பதும், எங்கிருந்து வந்தார்கள் என்பதும் அவர் கைக்குப் போகின்றன. கடவுச்சொல்லை மீட்டமைக்கும் இணைப்புகளில் உள்ள இரகசியச் சொற்களும், கவனக்குறைவாக முகவரி வரியிலேயே அனுப்பப்படும் அமர்வு அடையாளங்களும் அணுகல் பதிவில் அப்படியே விழுகின்றன. பிழைப் பதிவில் கோப்புகளின் முழுப் பாதைகளும், சில வேளைகளில் தரவுத்தளப் பிழைச் செய்திகளும் சேர்கின்றன. ஆகவே பதிவுகளை மறைக்க வேண்டும் என்று டெபியன் பொதியாளர்கள் எண்ணியது முற்றிலும் சரி.

மறைத்த விதத்தில்தான் சிக்கல் பிறந்தது. அடைவின் அனுமதியை 0750 ஆக்கினார்கள். அதாவது உடைமையாளருக்கு எல்லா உரிமையும், குழுவுக்குப் படிக்கவும் நுழையவும் உரிமை, மற்றவர்களுக்கு எதுவுமில்லை. குழுவாக, பதிவுகளைப் பார்வையிடும் நிர்வாகிகளுக்கான ‘அட்ம்’ குழு வைக்கப்பட்டது. உடைமையாளராக, என்ஜின்எக்ஸின் வேலைச் செயல்முறைகள் இயங்கும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற கணக்கு வைக்கப்பட்டது. இனி இதை வெப் கணக்கு என்றே குறிப்பிடுகிறேன்.

வெளியாருக்குக் கதவு சாத்தப்பட்டது உண்மை. ஆனால் கதவின் சாவி, அந்த வீட்டில் மிக அதிகமாகத் தாக்கப்படும் கணக்கிடம் போய்ச் சேர்ந்தது.

வெப் கணக்குக்கு ஏன் அடைவு தேவைப்பட்டது

இங்கே சற்று நிதானிக்க வேண்டும். இன்னோர் இணைய வழங்கியான அப்பாச்சியின் பதிவு அடைவு டெபியனில் ரூட் கணக்குக்கும் அட்ம் குழுவுக்கும் சொந்தமாக, அதே 0750 அனுமதியோடு எந்தச் சிக்கலும் இன்றி இருந்துவருகிறது. அங்கே வெப் கணக்கால் அடைவுக்குள் நுழையக்கூட முடியாது. ஆனாலும் பதிவு தடையின்றி எழுதப்படுகிறது. என்ஜின்எக்ஸுக்கு மட்டும் அது ஏன் முடியவில்லை?

இரண்டும் பதிவுக் கோப்பைத் திறக்கும் முறையில் விடை இருக்கிறது. அப்பாச்சியில் ரூட் அதிகாரத்தோடு இயங்கும் தாய்ச் செயல்முறை கோப்பைத் திறந்து, திறந்த நிலையிலேயே சேய்ச் செயல்முறைகளுக்குக் கொடுத்துவிடுகிறது. சேய்களுக்குக் கோப்பின் பெயரோ பாதையோ தேவையில்லை. கையில் கொடுக்கப்பட்டதில் எழுதுகின்றன. பதிவைச் சுழற்றிய பிறகு, அதாவது பழைய கோப்பை ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தொடங்க வேண்டிய வேளையில், மென்மையான மறுதொடக்கத்தில் தாய் மீண்டும் திறந்து, புதிய சேய்களுக்கு மீண்டும் கொடுக்கிறது.

என்ஜின்எக்ஸும் தொடங்கும்போது இப்படித்தான் செய்கிறது. வேறுபாடு, பதிவைச் சுழற்றும்போது வருகிறது. பழைய கோப்பைப் பெயர் மாற்றிவிட்டு, மாஸ்டர் எனப்படும் தாய்ச் செயல்முறைக்கு யுஎஸ்ஆர்1 என்ற சிக்னலை அனுப்பினால், மாஸ்டர் தன் பதிவுக் கோப்புகளை மீண்டும் திறக்கிறது. வொர்க்கர் எனப்படும் வேலைச் செயல்முறைகளையும் அவ்வாறே செய்யச் சொல்கிறது. அப்போது ஒவ்வொரு வொர்க்கரும் அதே கோப்பைப் பாதையைக் கொண்டு, தன் சொந்த அதிகாரத்தில், அதாவது வெப் கணக்கின் அதிகாரத்தில், தானே திறக்க வேண்டும். அதற்கு இரண்டு வசதிகள் வேண்டும்: வெப் கணக்கு அடைவுக்குள் நுழைய முடிய வேண்டும், கோப்பில் எழுத முடிய வேண்டும். இரண்டாவது வசதியை என்ஜின்எக்ஸ் தானே செய்துகொள்கிறது. மாஸ்டர் ரூட் அதிகாரத்தில் கோப்பைத் திறந்த கையோடு, அதன் உடைமையாளர் வெப் கணக்கு அல்ல என்று கண்டால், உடைமையை அந்தக் கணக்குக்கு மாற்றிக் கொடுக்கிறது.

ரூட் கணக்கு, ஒரு பாதையில் இருப்பதைத் திறந்து, இல்லையென்றால் உருவாக்கி, பிறகு அதை வெப் கணக்குக்கு எழுதிக் கொடுக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு நடந்தது முழுவதும் விளங்கும்.

பேரேடும் அலமாரியும்

யூனிக்ஸ் மரபில் ஒரு கோப்பை அழிக்கவோ பெயர் மாற்றவோ அந்தக் கோப்பின் மேல் உரிமை வேண்டியதில்லை. அது இருக்கும் அடைவின் மேல் எழுதும் உரிமை இருந்தால் போதும். புதிதாகப் பழகுபவர்களை இது எப்போதும் திகைக்க வைக்கும். கடையில் கணக்கு எழுதுபவரைப் போல நினைத்துப் பார்க்கலாம். பேரேட்டில் வரி எழுத அவருக்கு அனுமதி உண்டு. பேரேடு வைக்கும் அலமாரியின் சாவியையும் அவரிடமே கொடுத்தால், எழுதிய பேரேட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில், அதே பெயரில் வேறொன்றை வைக்க அவரால் முடியும். பேரேட்டின் பக்கங்களைக் கிழிக்க முடியாதபடி தைத்திருப்பது அப்போது உதவாது.

அடைவு வெப் கணக்குக்குச் சொந்தமாக இருந்ததால், அந்தக் கணக்கைக் கைப்பற்றிய தாக்குநர் பிழைப் பதிவுக் கோப்பை அகற்றிவிட்டு, அதே பெயரில் ஒரு சிம்லிங்கை, அதாவது வேறொரு பாதையைச் சுட்டும் இணைப்பை, வைக்கலாம். அந்த இணைப்பு இயந்திரத்தின் எந்த மூலையையும் சுட்டலாம். கோலுன்ஸ்கியின் விளக்கத்தில் அது சுட்டியது /ஈடிசி அடைவில் உள்ள எல்டி.எஸ்ஓ.ப்ரீலோட் என்ற கோப்பை. இயந்திரத்தில் எந்த நிரல் தொடங்கினாலும் முதலில் ஏற்ற வேண்டிய நூலகங்களின் பட்டியல் அது. பெரும்பாலான இயந்திரங்களில் அந்தக் கோப்பே இருக்காது. ரூட் அதிகாரத்தோடு இயங்கும் சுடோ போன்ற நிரல்களும் அந்தப் பட்டியலை மதிக்கும்.

இணைப்பை வைத்துவிட்டுத் தாக்குநர் காத்திருந்தால் போதும். அன்றைய டெபியனில், நேரப்படி பணிகளை ஓட்டும் கிரானின் இயல்பான அட்டவணையில் அன்றாடப் பணிகள் காலை 6.25 மணிக்கு ஓடும். அப்போது லாக்ரொட்டேட் பதிவுகளைச் சுழற்றி, முடிவில் என்ஜின்எக்ஸுக்கு யுஎஸ்ஆர்1 சிக்னலை அனுப்பும். மாஸ்டர் பிழைப் பதிவின் பாதையைத் திறக்கும். அது இணைப்பு என்பதால் /ஈடிசியில் புதிய கோப்பு உருவாகும். உருவான கோப்பின் உடைமை வெப் கணக்குக்கு மாறும். இனி அந்தப் பட்டியலில் எந்த நூலகத்தின் பெயரையும் தாக்குநர் எழுதிக்கொள்ளலாம். அடுத்து சுடோவை ஒருமுறை அழைத்தவுடன் அவருடைய நூலகம் ரூட் அதிகாரத்தில் இயங்கும்.

இத்தனை படிகளில் எந்த நிரலும் தன் விதியை மீறவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். லாக்ரொட்டேட் தனக்குச் சொன்னதைச் செய்தது. என்ஜின்எக்ஸ் தன் ஆவணத்தில் உள்ளபடி நடந்தது. இயங்குதளத்தின் கருவான கெர்னல் அனுமதிகளைச் சரியாகச் சரிபார்த்தது. பிழை இருந்த ஒரே இடம் உடைமை.

காவல்கள் இருந்தும் ஏன் தடுக்கவில்லை

இத்தகைய தாக்குதலுக்கு லினக்ஸில் முன்பே சில காவல்கள் இருந்தன. அவற்றில் இரண்டைப் பார்ப்பது அவசியம். இன்றும் நிர்வாகிகள் அவற்றை நம்பி அமைதியாக இருப்பதைக் காண்கிறேன்.

முதலாவது, சிம்லிங்க்குகளைப் பின்தொடர்வதற்குக் கெர்னலின் 3.6 பதிப்பில் 2012இல் வந்த கட்டுப்பாடு. அது செயல்படுவது /டிஎம்பி போன்ற இடங்களில், அதாவது எல்லோரும் எழுதலாம், ஆனால் பிறர் கோப்பை அழிக்க முடியாது என்ற ஸ்டிக்கி அனுமதி உள்ள அடைவுகளில் மட்டுமே. பதிவு அடைவு அந்த வகையைச் சேர்ந்தது அன்று. எனவே அந்தக் காவல் இங்கே விழிக்கவே இல்லை.

இரண்டாவது, லாக்ரொட்டேட்டின் சொந்தக் காவல். நம்பத்தகாத அடைவுகளில் ரூட் அதிகாரத்தோடு வேலை செய்வதன் ஆபத்து சிவிஇ-2011-1548 என்று 2011லேயே பதிவாகியிருந்தது. அதன் பிறகு வந்த பதிப்புகள், எல்லோராலும் எழுதக்கூடிய அடைவையோ ரூட் அல்லாத குழுவால் எழுதக்கூடிய அடைவையோ கண்டால், அனுமதிகள் பாதுகாப்பற்றவை என்று சொல்லிச் சுழற்ற மறுக்கும். ‘சு’ என்ற அமைப்பு வரியால் எந்தக் கணக்கின் பெயரில் சுழற்றுவது என்று குறிப்பிடச் சொல்லும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது குழுவின் உரிமையையும் மற்றவர்களின் உரிமையையும் மட்டுமே பார்க்கிறது. உடைமையாளர் யார் என்று பார்ப்பதில்லை. வெப் கணக்குக்குச் சொந்தமான 0750 அடைவு அந்தச் சோதனையில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தேறியது.

அப்பாச்சியின் ஆவணம் இந்த ஆபத்தை வெளிப்படையாகவே எழுதி வைத்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பதிவு அடைவில் எழுதும் உரிமை உள்ள எவரும், வழங்கியைத் தொடங்கிய கணக்கின் அதிகாரத்தை, வழக்கமாக ரூட் அதிகாரத்தை, ஏறக்குறைய உறுதியாகப் பெற்றுவிடலாம் என்ற எச்சரிக்கை அதில் உண்டு.

திருத்தமும் அதன் விலையும்

டெபியனின் அப்போதைய நிலையான வெளியீடான ஜெஸ்ஸியில் 1.6.2-5+டெப்8யு3 என்ற பதிப்பில் திருத்தம் வந்தது. உபுண்டு 14.04, 16.04, 16.10 ஆகியவற்றுக்கும் புதிய பொதிகள் வந்தன. இன்னொரு லினக்ஸ் வழங்கலான ஜென்டூவின் பொதியும் பாதிக்கப்பட்ட பட்டியலில் சேர்ந்தது. அடைவின் உடைமையாளர் ரூட் ஆனார். குழு அட்ம் ஆகவே நீடித்தது. ஆனால் வொர்க்கர்கள் பாதையைக் கொண்டு கோப்பைத் திறந்தாக வேண்டும். வெப் கணக்கு அட்ம் குழுவில் இல்லை. ஆகவே அடைவை எல்லோரும் நுழையும்படி திறந்துவிட வேண்டியதாயிற்று. அதாவது 2013இல் சாத்திய கதவை 2016இல் மீண்டும் திறந்தார்கள்.

இந்த இடத்தில் டெபியன் பொதியாளர்கள் நடந்துகொண்ட முறையை நான் மதிக்கிறேன். பொதியின் மாற்றக் குறிப்பில், இந்த மாற்றத்தால் 701112ஆம் வழு நடைமுறையில் மீண்டும் திறக்கிறது, என்ஜின்எக்ஸ் மூலத் திட்டத்தில் நல்ல தீர்வு வரும் வரை இது ஒரு விட்டுக்கொடுப்பு என்று மறைக்காமல் எழுதினார்கள். பாதுகாப்பு அறிவிப்பும், அடுத்த பதிவுச் சுழற்சி வரை உள்ளூர்ப் பயனர்கள் பதிவுகளைப் படிக்க முடியலாம் என்று எச்சரித்தது. அடுத்த சுழற்சியில் லாக்ரொட்டேட் 0640 அனுமதியோடு புதிய கோப்பை உருவாக்குவதால், அதன் பிறகு அடைவுக்குள் நுழைந்தவரும் கோப்பைப் படிக்க முடியாது.

உண்மையில் 2013லேயே வேண்டியிருந்த ஏற்பாடு இதுதான். கோப்பு மறைவாக இருக்க வேண்டும் என்றால் கோப்பின் அனுமதியை இறுக்க வேண்டும். அடைவை எழுதுபவரிடம் ஒப்படைக்கக் கூடாது. ஆனால் என்ஜின்எக்ஸ் தானே உருவாக்கும் கோப்பு எவரும் படிக்கக்கூடிய 0644 அனுமதியோடு பிறப்பதால், முதல் சுழற்சி வரையிலான இடைவெளியை அடைப்பதற்கு அடைவின் அனுமதியே எளிய வழியாக அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். வேர்த் தீர்வு என்ஜின்எக்ஸுக்குள் இருக்கிறது: மாஸ்டர் திறந்த கோப்பை வொர்க்கர்களுக்குக் கையில் கொடுப்பது. அந்தத் திட்டத்தின் 376ஆம் கோரிக்கை கேட்டது அதையேதான். டெபியனின் மாற்றக் குறிப்பும் அந்த எண்ணைச் சுட்டியது.

திருத்தம் அதோடும் முடியவில்லை. புதிய பொதியில் இருந்த கட்டுமானக் குறையால், என்ஜின்எக்ஸை மறுபடி நிறுவவோ அடுத்த பதிப்புக்கு உயர்த்தவோ முடியாமல் போனது. சில நாள்களிலேயே டெபியனும் உபுண்டுவும் இரண்டாம் அறிவிப்பை வெளியிட்டு அதைச் சரிசெய்தன.

ஒரே ஆண்டில் மூன்று

இதை என்ஜின்எக்ஸின் தனிக்குறை என்று எண்ணினால் பாடம் தவறிப்போகும். அதே 2016இல் அதே ஆய்வாளர் வேறு இரண்டு குறைகளையும் வெளிக்கொணர்ந்தார். ஜாவா செயலிகளை இயக்கும் டாம்கேட் வழங்கியின் டெபியன் தொடக்க நிரல், கேட்டலீனா.அவுட் என்ற பதிவுக் கோப்பின் உடைமையை ஒவ்வொரு தொடக்கத்திலும் ரூட் அதிகாரத்தில் டாம்கேட் கணக்குக்கு மாற்றியது. அடைவு அந்தக் கணக்கின் கையில் இருந்ததால் கோப்புக்குப் பதில் இணைப்பை வைக்க முடிந்தது. அது சிவிஇ-2016-1240. மைஎஸ்க்யூஎல் தரவுத்தள வழங்கியைக் காத்து நிற்கும் மைஎஸ்க்யூஎல்டி-சேஃப் என்ற நிரல், பிழைப் பதிவுக் கோப்பை ரூட் அதிகாரத்தில் கையாண்ட விதத்திலும் இதே ஓட்டை இருந்தது. அது சிவிஇ-2016-6664.

மூன்று வெவ்வேறு மென்பொருள்கள். மூன்று வெவ்வேறு குழுக்கள். மூன்றிலும் ஒரே காட்சி: குறைந்த அதிகாரமுள்ள கணக்கின் கையில் இருக்கும் அடைவுக்குள் ரூட் கணக்கு கைவிட்டு ஒரு பதிவுக் கோப்பைத் தொடுகிறது.

பகிர்வு வழங்கியில் இது எப்படிப் பெரிதாகிறது

ஒரே தளம் இயங்கும் இயந்திரத்தில் வெப் கணக்கு பறிபோவது பெரிய இழப்பு. ஆனால் அந்த இழப்பு அந்தத் தளத்தின் உரிமையாளருடையது. பல தளங்கள் இயங்கும் இயந்திரத்தில் நிலைமை வேறு. டெபியனில், பிஎச்பி நிரல்களை இயக்கும் பிஎச்பி-எஃப்பிஎம்மின் இயல்பான பூல் (செயல்முறைத் தொகுதி), என்ஜின்எக்ஸின் அதே வெப் கணக்கில்தான் இயங்குகிறது. யாரோ ஒரு வாடிக்கையாளர் புதுப்பிக்காமல் விட்ட ஒரு செருகுநிரலில் உள்ள ஓட்டை வழியாக உள்ளே வந்தவர், நேராக வெப் கணக்கில் நிற்கிறார். அங்கிருந்து பதிவு அடைவு வழியாக ரூட் அதிகாரம் கிடைத்தால், ஒழுங்காகப் புதுப்பித்து வைத்திருந்த மற்ற எல்லா வாடிக்கையாளர்களின் தரவும் அவருடையது. மற்றவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதே என்னை மிகவும் உறுத்தும் இடம்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. பொதியின் திருத்தம் /வார்/லாக்/என்ஜின்எக்ஸ் அடைவை மட்டுமே சரிசெய்தது. பகிர்வு வழங்கியை நடத்துபவர்கள் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிப் பதிவு அடைவு வைப்பது வழக்கம். பெரும்பாலும் வாடிக்கையாளரின் வீட்டு அடைவுக்குள்ளேயே ‘லாக்ஸ்’ என்று ஒன்று இருக்கும், அவர் எளிதில் பார்க்கட்டும் என்பதற்காக. அந்த அடைவு வாடிக்கையாளருக்கே சொந்தம். அதில் என்ஜின்எக்ஸ் பிழைப் பதிவை எழுதுமாறு அமைத்திருந்தால், எந்தப் பொதியைப் புதுப்பித்தாலும் 2016இன் நிலைமை அங்கே அப்படியே நீடிக்கிறது. தாக்குநருக்கு வெப் கணக்கில் ஓட்டைகூடத் தேவையில்லை; மாதக் கட்டணம் கட்டி ஒரு கணக்கு வாங்கினால் போதும்.

நான் ஒரு நிறுவனத்துக்காகப் பராமரித்த வழங்கியில் இதே அமைப்பைத்தான் வைத்திருந்தேன். அறிவிப்பைப் படித்து, பொதியைப் புதுப்பித்து, வேலை முடிந்தது என்று நம்பினேன். பின்னர் வேறொரு காரணத்துக்காக அடைவுகளின் உடைமைப் பட்டியலை எடுத்தபோதுதான், வாடிக்கையாளர்களின் பதிவு அடைவுகள் எதுவும் மாறவில்லை என்பது தெரிந்தது. யாரும் அதைப் பயன்படுத்தியிருக்கவில்லை. ஆனால் அந்த மாலை நான் அடைந்த கலக்கம் இன்றும் நினைவில் இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு கண்ணி உண்டு. என்ஜின்எக்ஸில் அணுகல் பதிவின் பாதையில் மாறிகளைப் பயன்படுத்தலாம். தளத்தின் பெயரை மாறியாக வைத்தால் ஒரே வரியில் எல்லாத் தளங்களுக்கும் தனித்தனிப் பதிவு கிடைக்கும். நூற்றுக்கணக்கான தளங்களை நடத்துபவர்களுக்கு இது மிகவும் கவர்ச்சியான வசதி. ஆனால் அப்படிச் செய்யும்போது கோப்பை வொர்க்கர்களே உருவாக்க வேண்டியிருப்பதால், அந்த அடைவில் வெப் கணக்குக்கு எழுதும் உரிமை இருந்தாக வேண்டும் என்று என்ஜின்எக்ஸ் ஆவணமே சொல்கிறது. அந்த வசதிக்காக முதன்மைப் பதிவு அடைவையே மீண்டும் வெப் கணக்குக்கு மாற்றிவிட்டால், பிழைப் பதிவும் அங்கேதான் இருப்பதால், பழைய ஓட்டையை நம் கையாலேயே திறந்தவர்கள் ஆகிறோம்.

மாற்றி அமைத்தது

மேற்கூறியவற்றிலிருந்து நான் வந்துசேர்ந்த அமைப்பைச் சொல்கிறேன். இது ஒன்றே வழி என்று சொல்லமாட்டேன். ஆனால் இதன் ஒவ்வொரு பகுதிக்கும் மேலே சொன்ன நிகழ்வில் ஒரு காரணம் உண்டு.

ரூட் அதிகாரத்தில் திறக்கப்படும் பதிவுகளையும் செயலிகள் தாமாக எழுதும் பதிவுகளையும் ஒரே மரத்தின் கீழ் வைப்பதை நிறுத்தினேன். என்ஜின்எக்ஸின் பதிவுகள் அனைத்தும், வாடிக்கையாளர் வாரியாகப் பிரிந்தவையும், வேரிலிருந்து இலை வரை ரூட் கணக்குக்குச் சொந்தமான அடைவுகளில் இருக்கின்றன. பாதையில் இடையில் உள்ள ஓர் அடைவு வேறொருவருக்குச் சொந்தமானால்கூட அவர் அதற்குக் கீழே உள்ளதை முழுவதுமாக மாற்றி வைக்கலாம் என்பதால், கடைசி அடைவை மட்டும் பார்ப்பது போதாது. வாடிக்கையாளர் தன் பதிவைப் படிப்பதற்கு, லாக்ரொட்டேட்டின் ‘கிரியேட்’ வரியில் 0640 அனுமதியும், உடைமையாளராக வெப் கணக்கும், குழுவாக அந்த வாடிக்கையாளரின் சொந்தக் குழுவும் வைத்தேன். தன் பதிவை அவர் படிக்கலாம்; பக்கத்துக்காரருடையதைப் படிக்க முடியாது; எதையும் பெயர் மாற்ற முடியாது. முதல் சுழற்சிக்கு முந்தைய இடைவெளியை அடைக்க, புதிய தளத்தைச் சேர்க்கும் நிரலே என்ஜின்எக்ஸுக்கு அறிவிக்கும் முன் கோப்பை அதே அனுமதியோடு உருவாக்கிவிடுகிறது. வசதிக்காக வாடிக்கையாளர்களை அட்ம் குழுவில் சேர்க்கும் வழக்கத்தை அறவே விட்டேன். அந்தக் குழு இயந்திரத்தின் எல்லாப் பதிவுகளையும் படிக்கும்.

செயலிகள் தாமாக எழுதும் பதிவுகள் வேறு கதை. பிஎச்பி செயலியோ பைத்தான் செயலியோ தன் அடைவில் தன் கணக்கின் பெயரில் எழுதலாம். அங்கே ரூட் கணக்கு நுழையக் கூடாது என்பது மட்டுமே விதி. ஆகவே அந்த அடைவுகளுக்கான லாக்ரொட்டேட் அமைப்பில், செயலியின் கணக்கையும் குழுவையும் குறிக்கும் ‘சு’ வரி கட்டாயம் இருக்கிறது. தாக்குநர் அங்கே இணைப்பு வைத்தாலும், சுழற்றும் நிரலுக்கு அந்தக் கணக்கை மீறிய அதிகாரம் கிடையாது. இதற்கு முன்நிபந்தனை, ஒவ்வொரு செயலிக்கும் தனி எஃப்பிஎம் பூலும் தனிக் கணக்கும் இருப்பது. எல்லாச் செயலிகளும் ஒரே வெப் கணக்கில் ஓடும் வரை, பதிவுகளைப் பிரிப்பது பெயரளவில்தான் இருக்கும்.

முடிந்த இடங்களில் கோப்பையே கைவிட்டேன். லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டியின் அலகாக இயங்கும் செயலி தன் வெளியீட்டில் எழுதினால், சிஸ்டம்டியின் பதிவுச் சேவையான ஜர்னல் அதை எடுத்துக்கொள்கிறது. பாதையும் இல்லை, சுழற்சியும் இல்லை, இணைப்பு வைக்க இடமும் இல்லை. என்ஜின்எக்ஸும் 1.7.1 பதிப்பிலிருந்து பதிவுகளைத் திரட்டும் சிஸ்லாக் சேவைக்கு நேரடியாக அனுப்பும். பகிர்வு வழங்கியில் ஜர்னலுக்கு இருந்த தயக்கம், ஒரு செயலி கூச்சலிட்டால் அது எல்லோருடைய பதிவையும் தள்ளிவிடுமே என்பதுதான். ஜர்னல் இயல்பாகத் தான் இருக்கும் கோப்பு முறைமையின் 10 விழுக்காடு வரையிலும், அதிகபட்சம் 4 ஜிபி வரையிலும் மட்டுமே வைத்துக்கொள்ளும். நிறைந்தால் பழையதை அழிக்கும். ஒரு செயலியின் முடிவில்லாத எச்சரிக்கைகள் இன்னொரு செயலியின் நேற்றைய பிழையை அழித்துவிடலாம். 2020இல் வந்த சிஸ்டம்டி 245, அலகுக்குத் தனிப் பதிவு வெளியை ஒதுக்கும் ‘லாக்நேம்ஸ்பேஸ்’ வசதியைக் கொண்டுவந்தது. அதில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி ஜர்னலும், தனி இட வரம்பும், தனி வேக வரம்பும் வைக்க முடிகிறது. இந்தச் சிக்கலுக்கு இதைவிட நேர்த்தியான விடையை நான் பார்த்ததில்லை.

வட்டு நிறைவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். /வார்/லாக் தனி வட்டுப் பிரிவில் இருக்க வேண்டும்; லாக்ரொட்டேட்டில் நாள் கணக்கோடு அளவு வரம்பும் இருக்க வேண்டும்; சுழற்றிய பின் சிக்னல் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். போகவில்லையென்றால், பழைய கோப்பை அழித்த பிறகும் செயல்முறை அதைத் திறந்தே வைத்திருப்பதால் இடம் விடுபடாது.

சோதித்துப் பார்ப்பது

இந்த நிலை தங்கள் வழங்கியில் இருக்கிறதா என்று அறிய விரும்புவோர், ஃபைண்ட் கட்டளையில் அடைவு என்ற வகையையும், உடைமையாளர் ரூட் அல்லாதவர் என்ற நிபந்தனையையும் சேர்த்து /வார்/லாக் முழுவதும் தேடலாம். கிடைக்கும் பட்டியலில் எல்லாமே குறை அன்று. மைஎஸ்க்யூஎல்லின் பதிவு அடைவு டெபியனில் அதன் சொந்தக் கணக்குக்கே உரியது. வழங்கியும் அந்தக் கணக்கிலேயே இயங்கி எழுதுகிறது. ஒவ்வோர் அடைவுக்கும் கேட்க வேண்டியது, இந்த உடைமையாளரைவிட அதிக அதிகாரமுள்ள எந்த நிரல் இதற்குள் ஒரு கோப்பைத் திறக்கிறது, பெயர் மாற்றுகிறது, அல்லது அதன் உடைமையை மாற்றுகிறது என்பதே. லாக்ரொட்டேட் அமைப்புகள், தொடக்க நிரல்கள், இரவு நகலெடுக்கும் நிரல்கள் ஆகிய மூன்றையும் அந்தக் கேள்வியோடு படிக்க வேண்டும்.

அடுத்து, என்ஜின்எக்ஸின் முழு அமைப்பையும் பெரிய டி விருப்பத்தோடு வெளியிடச் செய்து, அதில் வரும் ஒவ்வொரு அணுகல் பதிவுப் பாதையையும் பிழைப் பதிவுப் பாதையையும் எடுத்து, வேரிலிருந்து தொடங்கி ஒவ்வோர் அடைவின் உடைமையையும் அச்சிட வேண்டும். என் வழங்கியில் இருந்தவை போன்ற, வாடிக்கையாளர்களின் வீட்டு அடைவுகளில் உள்ள பதிவுகள் அகப்படுவது இந்த இரண்டாம் தேடலில்தான். /வார்/லாக்கை மட்டும் பார்க்கும் முதல் தேடல் அவற்றைக் காட்டாது.